முதல் கப்பல் பயணம்: "எல்லாம் கப்பலிலேயே இருக்கும்" என்று நம்பிப் போகலாமா?

கேள்வி, மார்ச் 4, மாலை 6.15

அடுத்த மாதக் கடைசியில் முதல்முறையாக ஏழு இரவு கப்பல் பயணம் போகிறோம். நான், மனைவி, ஒன்றரை வயதுப் பையன், என் அப்பா, அம்மா. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "எல்லாம் கப்பலிலேயே இருக்கும், பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் ஏறினால் போதும்" என்கிறார். அப்படித்தானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 9.40

பாதி உண்மை. சாப்பாடு, துண்டு, சோப்பு, பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் நான்கு முறை போயிருக்கிறேன். முதல் தடவை இதே பேச்சை நம்பித்தான் கிளம்பினேன். துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அது தானாக அறை வாசலுக்கு வந்துவிடும் என்று சொன்னார்கள், வந்தும் விட்டது, ஆனால் எத்தனை மணிக்கு வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கொடுத்தோம். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை நீலப் பெட்டியின் உள் ஜிப்பில் இருந்தது. இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு போட வேண்டியது. ஏழரை ஆகியும் பெட்டியைக் காணோம். லிஃப்ட் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளுக்கு நடுவே மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டே முக்காலுக்கு வந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, கட்டில் ஓரத்தில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் நான் முதலில் சொல்வது தோள் பை பற்றித்தான். பெரிய பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஏறும் நாள் முழுக்க உங்கள் தோளில் தொங்கும் பைதான் முக்கியம். பெரியவர்கள் இருவரின் மாத்திரைகள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும், ஏழு நாளைக்கல்ல, பத்து நாளைக்கு, மருந்துச் சீட்டோடு. பாஸ்போர்ட், விசா, ஏறும் அனுமதிச் சீட்டு, காப்பீட்டுத் தாள். போன் சார்ஜர். பையனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய டயப்பர், மாற்றுத்துணி, பால் புட்டி. நீச்சல் உடுப்பு வேண்டுமானால் அதுவும். அறை தயாராக மதியம் ஒன்று, இரண்டு மணி ஆகும், பெட்டி வர இரவாகலாம், அதுவரை இந்தப் பைதான் உங்கள் வீடு.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 5, காலை 7.05

விசாவை நேற்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன். அது தப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அதுதான்.

கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டையும் தாளில் வரிசையாக எழுதுங்கள். நீங்கள் தரையிறங்காமல் கப்பலிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றாலும் அந்த நாட்டு விசா இல்லாமல் பல நிறுவனங்கள் ஏற்றாது. அடுத்து, ஒரு நாட்டை விட்டு வெளியே போய் மறுபடி அங்கேயே திரும்புகிறீர்களா என்று பாருங்கள். கிரீஸில் ஏறி, துருக்கியில் ஒரு நாள் நின்று, திரும்பவும் கிரீஸ் என்றால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா போதாது, பலமுறை நுழைவு வேண்டும். இதில் தவறினால் துறைமுகக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் வராது. பாஸ்போர்ட் காலாவதி ஆக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்பதையும் ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

மார்ச் 5, இரவு 10.20

அறை எண் ஏற்கனவே கொடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் உடனே தளப் படத்தை எடுத்துப் பாருங்கள்.

ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவில். பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துப் பாருங்கள், இரு முனையும் ஏறி இறங்கும், நடு அசையாது. முன்முனை அறையில் அலை மேல் தூக்கித் தூக்கிப் போடும். மேல் தளம் பக்கவாட்டில் சாய்வது அதிகம். இப்போதைய கப்பல்களில் பக்கவாட்டில் மீன் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் நீட்டி அந்தச் சாய்வைக் குறைக்கிறார்கள். ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது.

படத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று. இரண்டாவது பயணத்தில் எங்கள் அறைக்கு மேலே நீச்சல் குளத் தளம். விடியற்காலை ஐந்தரைக்கு சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பிப்பார்கள், தினமும், ஏழு நாளும். மேலேயும் கீழேயும் வேறு அறைகளே இருக்கிற தளமாகப் பார்த்து எடுங்கள். மலிவு என்று ஜன்னல் இல்லாத உள்ளறை எடுத்தாலும் கெடுதல் இல்லை, விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு, அவ்வளவுதான். குழந்தை இருப்பதால் ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டு போங்கள்.

மார்ச் 6, மதியம் 1.30

"அப்பாவுக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும், கப்பலில் என்ன ஆகும்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பஸ் அளவுக்கு இருக்காது என்பது என் அனுபவம், ஆனால் கடல் எப்படியிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பலனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் இரண்டும் பரவலாகத் தருவது, தூக்கம் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் பட்டையும் உண்டு, ஏறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆகாது, வயதானவர்களுக்குச் சில சமயம் குழப்பம் வரும். எதுவானாலும் அப்பாவின் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

என் மாமா பட்டையை ஒட்டிக்கொண்டு கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டார். ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக விரிந்து, பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்து, நாங்கள் எல்லாரும் பக்கவாதம் என்று பயந்து கப்பல் மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டதே, "காதுக்குப் பின்னால் பட்டை இருக்கிறதா?" என்றுதான். ஒட்டினாலும் எடுத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மருந்து தவிர: வெளித் தளத்துக்குப் போய் தூரத்து அடிவானத்தைப் பார்ப்பது உண்மையிலேயே உதவும். அறைக்குள் குனிந்து போன் பார்ப்பதுதான் கெடுக்கும். வயிற்றைக் காலியாகவும் விடக்கூடாது, மூக்குப் பிடிக்கவும் சாப்பிடக்கூடாது.

மார்ச் 6, மதியம் 1.50

கப்பல் மருத்துவர் என்றதும் நினைவுக்கு வந்தது. அந்தக் கண் பரிசோதனைக்கு வந்த பில் நல்ல தொகை. கப்பலில் மருத்துவம் டிக்கெட்டில் சேராது, சாதாரண மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் நடுக்கடலில் செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் என்று சொல்லியே எடுங்கள், அவசரத்துக்கு ஹெலிகாப்டரிலோ வேறு வழியிலோ கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரியவர்கள் இருவருக்கும் ஏற்கனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

மார்ச் 8, இரவு 8.15

இரண்டு நாள் வேலை. இப்போது தொடர்கிறேன்.

மின்சாரம். அறையில் சாக்கெட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், பல கப்பல்களில் 110 வோல்ட்டும் 220 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில். உடனே எல்லாரும் பல சாக்கெட் உள்ள நீட்டிப்பு வயரைப் பெட்டியில் போடுவார்கள். போடாதீர்கள். அதில் மின்னழுத்தம் திடீரென எகிறுவதற்கான தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) இருந்தால் கட்டாயம் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், சில நிறுவனங்கள் எந்த நீட்டிப்பு வயரையும் விடுவதில்லை. வீண் கெடுபிடி என்று நானும் நினைத்தேன், காரணம் தெரிந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. கப்பலின் மின் இணைப்பு வீட்டில் இருப்பது போலத் தரையோடு பிணைந்தது இல்லை, அந்தத் தடுப்பு கப்பலில் சூடாகித் தீப்பிடிக்கக் கூடும். நடுக்கடலில் தீ என்றால் ஓட இடம் இல்லை. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், மெழுகுவர்த்தி மூன்றும் இதே காரணத்தால் ஆகாது. பல முனை யுஎஸ்பி சார்ஜர் ஒன்று கொண்டு போங்கள், போதும்.

அப்புறம் காந்தக் கொக்கி. அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. நாலு காந்தக் கொக்கி இருந்தால் தொப்பி, ஈரத் துணி, குழந்தையின் பை எல்லாம் சுவரில் தொங்கும், இத்தனை சின்ன அறையில் அது பெரிய உதவி. அறைக் கதவுக்கும் ஒரு வண்ணக் காந்தம் ஒட்டுங்கள். நடைபாதை நீளமாக ஒரே மாதிரி இருக்கும், அம்மா முதல் நாள் வேறு யார் கதவிலோ அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, இரவு 8.55

பையனைப் பற்றி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது, பெருங்கடலைக் கடக்கும் பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே சிக்கல் இல்லை. ஆனால் டயப்பர் போடும் குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டாலும் சரி. சில கப்பல்களில் மட்டும் கைக்குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டு இடம் உண்டு, முன்பே கேளுங்கள். டயப்பர் கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், ஏழு நாளைக்கும் கொண்டு போங்கள், திரும்பும்போது பெட்டியில் இடமும் கிடைக்கும். தொட்டில் வேண்டும் என்பதை இன்றே எழுதிக் கேளுங்கள், எண்ணிக்கை குறைவு. குழந்தைக்கான உயிர்காப்பு அங்கி அறையில் இருக்காது, ஏறியதும் அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள், முதல் வேலையாக.

மார்ச் 9, காலை 6.40

அந்த அங்கி பற்றி எழுதிவிட்டுப் படுத்தேன், பயிற்சியைப் பற்றி எழுதவில்லையே என்று விடிந்ததும் தோன்றியது.

கப்பல் கிளம்பும் முன் எல்லாருக்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஏழு குறுகிய ஊதல், தொடர்ந்து ஒரு நீண்ட ஊதல், அதுதான் அபாய ஒலி. இப்போது பல கப்பல்களில் போனிலோ டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்கு நடந்து போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடும். கால் மணி நேர வேலை. இதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். கப்பல் அன்று மாலைதான் கிளம்பியிருந்தது, அன்றைக்கு ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை, மறுநாள் நடத்துவதாக இருந்தது. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. அதற்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள், 2015 ஜனவரி 1 முதல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

அம்மாவையும் அப்பாவையும் வீடியோவோடு விடாதீர்கள். அறையிலிருந்து கூடுமிடம் வரை படிக்கட்டு வழியாகவே ஒருமுறை நடத்திக் கூட்டிப் போங்கள், அபாய நேரத்தில் லிஃப்ட் கிடையாது. படி இறங்க முடியாது என்றால் அதை வரவேற்பு மேசையில் சொல்லிப் பதிவு செய்யுங்கள், உதவிக்கு ஆள் ஒதுக்குவார்கள்.

மார்ச் 11, இரவு 9.10

"கை சுத்திகரிப்புத் திரவம் ஒரு பெரிய பாட்டில் வாங்கிவிட்டேன்" என்கிறீர்கள். நல்லது, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம், ஆல்கஹால் திரவம் அதை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சாப்பாட்டு மண்டப வாசலில் திரவத்தைத் தெளித்துவிட்டு உள்ளே போவார்கள், அதற்குப் பக்கத்திலேயே கை கழுவும் தொட்டி இருந்தால் அதில் கழுவுங்கள். நாமே பரிமாறிக்கொள்ளும் வரிசையில் எல்லாரும் அதே கரண்டியைத்தான் தொடுகிறார்கள், எனவே எடுத்து வந்த பிறகும் ஒரு தடவை. யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 11, இரவு 9.35

பணம். ஏறியதும் ஒரு அட்டை தருவார்கள், அதுவே அறைச் சாவி, அதுவே கணக்கு. எதை வாங்கினாலும் அதில் ஏறும். கடன் அட்டையை இணைத்துவிடுங்கள். டெபிட் அட்டையை இணைத்தால் செலவுக்கு மேலாகவும் ஒரு தொகையை வங்கியில் முடக்கி வைப்பார்கள், அது திரும்ப விடுபடச் சில நாளாகும். டிக்கெட்டில் சேராதவை: குளிர்பானம், மது, வைஃபை, தனி உணவகங்கள், கரைச் சுற்றுலா. பல நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பணியாளர் சேவைத் தொகையையும் சேர்க்கும், பையனுக்கும் போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் இரவு கணக்கைப் பாருங்கள், கடைசி நாள் வரிசையில் நின்று சண்டை போட வேண்டியிருக்காது.

போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு கப்பலின் வைஃபையில் மட்டும் பயன்படுத்துங்கள். கரை மறைந்ததும் செயற்கைக்கோள் வழியான கப்பல் நெட்வொர்க் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதன் கட்டணம் சாதாரண ரோமிங்கை விடப் பல மடங்கு.

மார்ச் 12, மதியம் 12.45

ஒரு திருத்தம். முதல் நாள் பாஸ்போர்ட் தோள் பையிலேயே இருக்கட்டும் என்றேன். அது ஏறும் நாளுக்கும் இறங்கும் நாளுக்கும் மட்டும். நடுவில் துறைமுகங்களில் இறங்கும்போது அறையின் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகல் மட்டும் எடுத்துப் போவதே நல்லது. சில இடங்களில் அசலே கையில் வேண்டும் என்பார்கள், முந்தின இரவு கப்பலில் தரும் மறுநாள் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். சிலர் நேர்மாறாகச் சொல்வார்கள், கப்பலைத் தவறவிட்டால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டாமா என்று. நியாயமான பயம். ஆனால் ஆள் திரும்பவில்லை என்று தெரிந்தால் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டைத் துறைமுக முகவரிடம் விட்டுப் போகும் வழக்கமும் உண்டு. நெரிசலில் களவு போவதைத்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 12, இரவு 10.05

தவறவிடுவது என்றதும் அந்த மூன்றாவது பயணம்.

கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு, கரையின் நேரம் வேறாக இருக்கலாம். என் போன் கரைக் கோபுரத்தைப் பிடித்து தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. எல்லாரும் நாலரைக்குள் ஏற வேண்டும், போனில் மூன்றே கால், நிதானமாகக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கையில் பழைய சாவி கொடுக்கும் கடிகாரம். "எனக்கு நாலே கால் காட்டுதே" என்றார். முதலில் நம்பவில்லை. அப்புறம் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஏறு பாலத்தின் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்த பணியாளர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டி, கழற்றுவதை நிறுத்தினார். உள்ளே நுழைந்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு சிரித்தார்.

ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் வாங்கி, ஏறியதும் கப்பல் நேரத்துக்கு வைத்து, பயணம் முடியும்வரை மாற்றாதீர்கள். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். தனியாகப் போனால் உங்கள் பாடு.

சாண்டோரினி, கிராண்ட் கேமன் மாதிரி இடங்களில் பெரிய கப்பல் தள்ளி நின்று, சின்னப் படகில் கரைக்குக் கொண்டுவிடுவார்கள். அலை இருந்தால் படகு ஏறி இறங்கும், அதற்குள் கால் வைத்துத் தாண்ட வேண்டும். சக்கர நாற்காலியோடு போக முடியாமல் போகலாம். உங்கள் அட்டவணையில் எந்த நாள் அப்படி என்று பார்த்து, அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மார்ச் 15, காலை 7.20

விமானத்தில் போய் அதே நாள் கப்பல் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முந்தின நாளே போய்ச் சேருங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பதிவை மூடிவிடுவார்கள், பயணிகள் பட்டியலைத் துறைமுகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் உங்களுக்காகத் திறக்க மாட்டார்கள்.

மார்ச் 15, இரவு 9.50

கடைசி இரவு. பெரிய பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் துறைமுகக் கூடத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மறுபடி தோள் பைதான்: காலை மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் போடும் துணி, செருப்பு, பல் துலக்கி, வீட்டுச் சாவி. பெட்டியை மூடும் முன் ஐந்து பேரின் மறுநாள் துணியையும் கட்டிலில் பரப்பி வையுங்கள், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இதையெல்லாம் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இந்த வாரம் ஒருநாள் உட்கார்ந்து எழுதி முடித்தால் கப்பலில் ஏறிய பிறகு எந்தக் கவலையும் இருக்காது. அம்மா இன்றும் பேசுவது மாத்திரையைப் பற்றியல்ல, நிலவில்லாத இரவில் வெளித் தளத்தில் பார்த்த நட்சத்திரங்களைப் பற்றித்தான்.

இன்னொன்று. துறைமுகத்தை நெருங்கும்போது விடியற்காலையில் ஒரு சின்னப் படகு கப்பலோடு ஒட்டி ஓடி வரும். அதிலிருந்து, கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவர வழிகாட்டுபவர் (பைலட்) கயிற்று ஏணியைப் பிடித்து, ஓடும் கப்பலின் வயிற்றில் திறந்திருக்கும் கதவுக்குள் ஏறுவார். காற்று அடிக்காத பக்கமாக வருவார்கள், அந்தப் பக்கக் கம்பியருகே பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள், கப்பல் நேரத்தில்.